பெயரைப் பார்த்தா வேலை?

குழந்தை பிறந்ததும் தாத்தா பெயரா, குலதெய்வத்தின் பெயரா, நட்சத்திரத்துக்கு ஏற்ற எழுத்தா என்று வீடே கூடி அலசுகிறோம். இருபது வருஷம் கழித்து அந்தக் குழந்தை வேலைக்கு மனுப் போடும்போது, இந்தப் பெயர் என்ன பாடுபடுத்தும் என்று யோசித்திருப்போமா?

அமெரிக்காவில் 2001-02ல் பொருளாதார நிபுணர்கள் இருவர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒருவர் மரியான் பெர்ட்ராண்ட். மற்றவர் தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்த செந்தில் முல்லைநாதன். பாஸ்டன், சிகாகோ நகரங்களில் வந்த வேலை விளம்பரங்களுக்குச் சுமார் 5,000 கற்பனை மனுக்களை அனுப்பினார்கள். தகுதியில் வித்தியாசம் இல்லை, பெயரில்தான் வித்தியாசம். எமிலி, கிரெக் போன்ற வெள்ளையர் பெயர்களுக்கு ஏறக்குறைய 10 மனுவுக்கு ஒரு அழைப்பு வந்தது. லக்கீஷா, ஜமால் போன்ற கறுப்பர் பெயர்களுக்கோ 15 மனு போட வேண்டியிருந்தது!

"அது அந்த ஊர் சமாசாரம், நமக்கென்ன?" என்று தள்ளிவிட முடியாது. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் நம் நாட்டுத் தனியார் கம்பெனிகளுக்கு இதே போல 4,808 மனுக்களை அனுப்பி, 2007ல் முடிவை வெளியிட்டார்கள். எல்லாம் படித்த பிள்ளைகளின் மனுக்கள். மேல்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு 100 என்றால், அதே படிப்புள்ள தலித் பெயருக்குச் சுமார் 67, முஸ்லிம் பெயருக்குச் சுமார் 33தான்.

1929ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். இன்று நம்மிடம் இனிஷியல்தான். ஆனாலும் மதம் பெயரிலேயே தெரிந்துவிடுகிறது. சாதி தெரியாவிட்டால் ஊர், தெரு என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறார்களே!

இது ஆபீஸ்காரர்கள் செய்கிற தப்பு மட்டும் இல்லை, சகோதரிகளே. வீட்டுக்குச் சமையல்காரம்மா தேடும்போது, "என்னென்ன சமைப்பீங்க?" என்பதற்கு முன்னால், "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கிற வீடுகள் எத்தனை! பக்கத்தில் நிற்கிற குழந்தை அதைக் கேட்டுத்தானே வளருகிறது?

உங்கள் வீட்டில் கடை, தையல் யூனிட், டியூஷன் சென்டர் எது இருந்தாலும் சரி, ஆள் எடுக்கும்போது இப்படிச் செய்து பாருங்கள்:

• என்ன தெரிந்தவர் வேண்டும் என்பதை முதலிலேயே எழுதி வையுங்கள்.

• மனுக்களில் பெயர், போட்டோ, முகவரியை மறைத்து, நம்பர் போட்டுப் படியுங்கள்.

• வருகிற எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள்.

• கையோடு வேலையைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

பத்து மனுப் போட்டும் பதில் வராமல் உங்கள் பிள்ளை சோர்ந்து உட்கார்ந்தால், "உனக்குத் திறமை போதாது" என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். அந்த மனுவைப் பிரித்துப் படிக்காமலேகூட ஒதுக்கியிருக்கலாம்.