உங்களுக்குத் தெரியுமா? பட்டாளம் முடிந்து பல வருடம் கழித்து வரும் தேமல்

ராணுவ நிலையங்கள் உள்ள ஆவடிப் பக்கம் இருப்பதால் நூம்பல், பூந்தமல்லி வட்டாரத்தில் முன்னாள் ராணுவத்தினர் பலர் வசிக்கிறார்கள். சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், பீகார், ஒடிசா என்று பணியாற்றி வந்தவர்களும் அவர்களில் உண்டு. தொழுநோய் இன்னும் அதிகம் காணப்படும் மாநிலங்கள் இவை.

● தொழுநோய்க் கிருமி ஒரு முறை பெருகவே ஏறக்குறைய 2 வாரம் ஆகும். அதனால் தொற்றிய பிறகு அறிகுறி தெரியச் சராசரியாக 5 வருடம் ஆகிறது. சிலருக்கு 20 வருடம்கூட ஆகலாம். ஓய்வு பெறும்போது உடம்பில் எதுவும் தெரியாமல், பேரன் பிறந்த பிறகு தேமல் தலைகாட்டலாம். டாக்டரிடம் போனால், எந்த ஊர்களில் வேலை பார்த்தீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

● படையை விட்டு விலகிய 3 ஆண்டுக்குள் தொழுநோய் குறிப்பிட்ட அளவுக்கு வெளிப்பட்டால், அது பணியால் வந்தது என்றே அமெரிக்கச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. இந்த நோயின் வேகத்துக்கு 3 ஆண்டு போதவே போதாது!

● ஸ்பெயின்-அமெரிக்கப் போரில் பணியாற்றிய ஜான் எர்லிக்கு 1908-இல் வாஷிங்டனில் தொழுநோய் என்றார்கள். ஊர் பயந்து அவரைத் தனியே அடைத்தது. அவர் அடங்கவில்லை, மறுபடி மறுபடி தப்பி வந்து நியாயம் கேட்டார். 1921-இல் லூசியானாவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனை அமெரிக்க மத்திய அரசின் கைக்கு வந்ததில் அவர் போராட்டத்துக்கும் பங்குண்டு.

● செங்கல்பட்டு திருமணியில் ராபர்ட் காக்ரேன் 1940-களில் தொழுநோய்க்கான சல்போன் மருந்துகளைப் பரிசோதித்தார். வேலூரில் பால் பிராண்ட், இந்த நோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தினார்.

● வீட்டிலேயே பார்க்கலாம்: கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் வெளிறிய தேமலைத் தொடுங்கள். தொட்ட இடத்தை விரலால் காட்ட முடியாவிட்டால், அரிப்பும் இல்லாவிட்டால், உடனே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, முன்னாள் ராணுவத்தினருக்கான ஈ.சி.எச்.எஸ். பாலி கிளினிக்குக்கோ போங்கள். தள்ளிப்போட்டால் நரம்பு கெட்டுவிடும். கெட்ட நரம்பை மாத்திரையால் மீட்பது கடினம்.

● கூட்டு மருந்து அரசிடம் இலவசம். 6 அல்லது 12 மாதம் சாப்பிட்டால் குணமாகும். அதில் உள்ள குளோபாசிமின் தோலைக் கறுக்க வைக்கும், நிறுத்திய பின் மெல்ல வெளுக்கும். பயந்து பாதியில் விடாதீர்கள். மாத்திரை தொடங்கிய சில நாட்களிலேயே நோய் பரவும் ஆபத்து போய்விடுகிறது, அதனால் தட்டு, டம்ளரைப் பிரித்து வைக்கவே வேண்டாம். கூடவே இருக்கும் மனைவி, மக்களையும் பரிசோதித்து, தகுந்தவர்களுக்கு நோயைத் தடுக்க ஒரே ஒரு வேளை ரிபாம்பிசின் மருந்து கொடுக்கிறார்கள்.