மேகி முதல் ரேஷன் அரிசி வரை: உணவுச் சட்ட வகுப்பில் என்னதான் நடத்துவாங்க?

சட்டம் படிக்கிற மாணவருக்கு ‘உணவுச் சட்டமும் கொள்கையும்’ என்று ஒரு பாடம் இருந்தால் அதில் என்ன இருக்கும்? ஹோட்டல் ரெய்டு, கெட்டுப்போன சிக்கன், கடைக்குச் சீல்... இவைதான் நம் மனதில் வரும். இவையும் உண்டு, ஆனால் பாதிதான்.

அமெரிக்காவின் ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் 2010-ல் இதற்கென்றே ஒரு பயிற்சி மையம் தொடங்கினார்கள். பாக்கெட்டில் அச்சிடும் குழப்பமான தேதிகளால் நல்ல உணவு குப்பைக்குப் போகிறது என்று 2013-ல் இந்த மையம் இன்னொரு அமைப்புடன் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை அங்கே பெரிய விவாதமானது.

சரி, நம்ம ஊர் வகுப்பை எங்கே தொடங்கலாம்? மேகியில்தான்.

உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கியில் எடுத்த ஒரு பாக்கெட்டை கொல்கத்தா ஆய்வகம் சோதித்தது. ஈயம் 17.2 பிபிஎம் என்று முடிவு வந்தது. அனுமதி 2.5 தான். ‘எம்எஸ்ஜி சேர்க்கவில்லை’ என்று கவரில் போட்டிருந்ததும் சிக்கலானது. 2015 ஜூன் 5-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் மேகிக்குத் தடை போட்டது. நெஸ்லே பாம்பே உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஆகஸ்ட் 13-ல் தடை ரத்து!

ஏன்? கம்பெனியின் விளக்கத்தை முறையாகக் கேட்கவில்லை; சோதனை நடந்த ஆய்வகங்களுக்குச் சட்டம் சொல்கிற அங்கீகாரம் இல்லை. நீதிமன்றம் சொன்னபடி வேறு மூன்று ஆய்வகங்களில் மறுபடி சோதித்தார்கள். ஈயம் அளவுக்குள்தான் இருந்தது. நவம்பரில் மேகி கடைக்குத் திரும்பியது.

“அப்போ முதல் ரிப்போர்ட் பொய்யா?” வகுப்பில் உடனே வரக்கூடிய கேள்வி இது. அதற்குப் பதில் தேட, யாரும் விரும்பிப் படிக்காத இரண்டு பிரிவுகளைத் திறக்க வேண்டும். 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 47-வது பிரிவுப்படி, அதிகாரி மாதிரியை நான்காகப் பிரித்துச் சீல் வைக்க வேண்டும். ஒன்று பகுப்பாய்வாளருக்கு, இரண்டு நியமன அலுவலருக்கு. கடைக்காரர் கேட்டால் நான்காவது, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு. 46-வது பிரிவுப்படி 14 நாளில் அறிக்கை வர வேண்டும். இதில் ஒன்று சொதப்பினாலும், நிஜமாகவே கலப்படம் செய்தவர் கோர்ட்டில் தப்பிக்க வழி கிடைத்துவிடும். நஷ்டம் அதை வாங்கிச் சாப்பிட்டவருக்கு.

பாடத்தின் அடுத்த பாதி, சாப்பாடு யாருக்குக் கிடைக்கிறது என்பது. 2001-ல் அரசுக் கிடங்குகளில் தானியம் குவிந்து கிடக்க, ராஜஸ்தானில் மக்கள் பட்டினி கிடந்தார்கள். பியுசிஎல் அமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. அந்த ஆண்டு நவம்பர் 28-ல், அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. 1982-லேயே எம்ஜிஆர் சத்துணவைப் பார்த்துவிட்ட நமக்கு, ‘இதுக்கு கோர்ட் உத்தரவு வேணுமா’ என்று தோன்றலாம். பல மாநிலங்களுக்கு வேண்டியிருந்தது. பிறகு 2013-ல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பெரும்பாலான ரேஷன் பயனாளிகளுக்கு மாதம் தலைக்கு 5 கிலோ தானியம் சட்டப்படியான உரிமையானது.

முதல் பாதி தெரிந்தால் உணவுக் கம்பெனிகளில் வேலை கிடைக்கும். இரண்டாம் பாதிக்கு அந்த வாய்ப்பு குறைவு. அதனால் இரண்டாவதை ‘மனித உரிமை’ என்று வேறு பேப்பருக்குத் தள்ளிவிடுவது சுலபம். அப்படிப் பிரிப்பது தப்பு என்பதற்கு ரேஷனில் வந்த செறிவூட்டிய அரிசியே சாட்சி.

அதில் இரும்புச் சத்து, ஃபோலிக் ஆசிட், பி12 சேர்த்தார்கள். தலசீமியா உள்ளவர்கள் மருத்துவர் மேற்பார்வையில்தான் சாப்பிட வேண்டும் என்று பாக்கெட்டில் போடச் சொன்னது 2018 விதி. ஆபத்துக்கு ஆதாரம் இல்லை என்று நிபுணர்கள் சொன்னதால் 2024-ல் அது நீக்கப்பட்டது. நீக்கியது சரியா என்பது ஒரு விவாதம். ஆனால் விதி இருந்த காலத்திலும், அச்சிட்டால் அது மூட்டையில்தான் இருக்கும். ரேஷன் கடையில் அரிசியை எடைபோட்டு நம் பையில்தான் கொட்டுகிறார்கள்.

நூடுல்ஸ் கம்பெனிக்குத் தன் தரப்பைச் சொல்லும் உரிமை இருந்தது, அதைக் கேட்டு வாங்க வக்கீலும் இருந்தார். செமஸ்டர் தேர்வில் கேட்கவேண்டிய கேள்வி இது: மூட்டையில் அச்சிட்ட எச்சரிக்கை, பையை நீட்டி நிற்பவருக்குச் சொல்லப்பட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளலாமா?