ஒரு பானைச் சோறும் ஒரு டப்பா மஞ்சள் மாத்திரையும்

மஞ்சளைக் கரைத்துத் துளி சுண்ணாம்பு போட்டால் சிவந்துவிடும். கல்யாண வீட்டில் ஆரத்தி கரைக்கிற எந்த அம்மிணிக்கும் இது தெரியும். சுண்ணாம்பின் காரத்தன்மை பட்டு நிறம் மாறுவது மஞ்சளில் உள்ள குர்குமின். 'இதில் மஞ்சள் இருக்கிறதா' என்ற கேள்விக்கு ஆரத்தித் தட்டே பதில் சொல்லிவிடும். எவ்வளவு இருக்கிறது, கூட வேறென்ன கலந்திருக்கிறது என்பதை அது சொல்லாது. அதற்குத்தான் ஆய்வகம்.

கோவையில் மருந்துக் கடையிலும் இயற்கை அங்காடியிலும் மஞ்சள் மாத்திரை டப்பாக்கள் அடுக்கியிருக்கின்றன. சிலவற்றில் 'மூன்றாம் தரப்பு ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது' என்று போட்டிருக்கும். குழம்பு வைத்தவரே ருசி பார்த்து 'நல்லா இருக்குதுங்க' என்பது ஒன்று. பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பிக் கேட்பது இன்னொன்று. அந்த அக்காதான் மூன்றாம் தரப்பு. அங்கே கிண்ணம் போனதும் என்ன நடக்கிறது?

முதலில் அளவு. காப்பி ஃபில்டரை நினைத்துக்கொள்ளுங்கள். எச்.பி.எல்.சி. என்ற கருவியில் மெல்லிய குழாய்க்குள் நுண்ணிய சிலிக்காத் துகளை இறுக்கி வைத்திருப்பார்கள். மாத்திரையின் சாற்றை அதற்குள் அழுத்தத்தோடு தள்ளுவார்கள். துகளோடு ஒட்டாத பொருள் முதலில் இறங்கும், ஒட்டுகிற பொருள் தாமதித்து வரும். குர்குமினும் அதன் இரண்டு உறவுப் பொருள்களும் இப்படித் தனித்தனியே வெளியே வர, அளவு பதிவாகும். ஈரோடு மஞ்சள் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதில் குர்குமின் 2.5 முதல் 4.5 சதவீதம் வரைதான். டப்பாவில் 95 சதவீதம் என்றிருந்தால் உள்ளே இருப்பது அரைத்த மஞ்சள் அல்ல, பிரித்தெடுத்த சாரம்.

அடுத்தது ஈயம். என்னைக் கேட்டால் இதுதான் முதல் சோதனையாக இருக்க வேண்டும். விரலி மஞ்சளை வேகவைத்து, களத்தில் காயவைத்து, டிரம்மில் போட்டுச் சுற்றிப் பாலிஷ் ஏற்றுவதை ஈரோட்டுப் பக்கம் பார்க்கலாம். வங்கதேசத்தில் 1980-களில் வெள்ளத்தில் நனைந்து மங்கிய மஞ்சளுக்கு, இந்தப் பாலிஷ் கட்டத்தில்தான் லெட் குரோமேட் தூவத் தொடங்கினார்கள். பெயின்டுக்குப் போடும், ஈயம் உள்ள மஞ்சள் நிறமி அது. அந்நாட்டுக் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் இருந்த ஈயம் மஞ்சளிலிருந்து வந்தது என்பதை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2019-இல் உறுதிசெய்தார்கள். அந்த ஆண்டு அங்கே சந்தை மாதிரிகளில் 47 சதவீதம் கலப்படம். அரசு கெடுபிடி காட்டியதும் 2021-இல் ஒன்றுகூட இல்லை. சோதனைக்கு அவ்வளவு பலம் உண்டு.

ஈயத்தைக் கண்டுபிடிக்க மாதிரியை நைட்ரிக் அமிலத்தோடு, நம் குக்கர் போல் மூடிய பாத்திரத்தில், கசடே தெரியாமல் கரைத்துவிடுவார்கள். அந்த நீர் ஆர்கான் வாயுவின் பிளாஸ்மாச் சுடருக்குள் போகும். சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடான சுடர் அது. அதைத் தாண்டியதும் அணுக்கள் எடைவாரியாகப் பிரிந்து எண்ணப்படும். மஞ்சளில் நம் சட்டம் அனுமதிக்கும் ஈயம் கிலோவுக்கு 10 மில்லிகிராம். ஒரு பொன்னி அரிசியின் எடைகூடத் தேறாது. கண்ணும் நாக்கும் அதைப் பிடிக்கவே முடியாது.

கிருமிச் சோதனை நமக்குப் பழக்கமானதுதான். மார்கழியில் பொங்காத இட்லி மாவு சித்திரையில் வழிகிறதல்லவா? அதே போல, மாதிரி இட்ட தட்டைக் கிருமிக்குப் பிடித்த சூட்டில் வைத்திருந்து என்ன வளர்கிறது என்று பார்ப்பார்கள்.

இவ்வளவும் சரியாக நடந்தாலும் ஏமாற இடமிருக்கிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். அத்தனை அரிசியும் ஒரே உலையில் வெந்ததால் அந்தக் கணக்கு சரி. பத்து மூட்டைத் தூள் ஒரே உலையில் வெந்ததல்ல. ஒவ்வொரு மூட்டையிலும் மேலே, நடுவே, அடியே எடுத்துக் குவித்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர் பங்கைத் தள்ளி, மீதியைத் திரும்பக் கலந்து எடுத்தால்தான் அது மாதிரி. அறிக்கையில் 'பெறப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்' என்றிருப்பது இதனால்தான். கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தது குழம்பு வைத்தவரே என்றால், அக்கா சொல்வது அந்தக் கிண்ணத்துக்கு மட்டும்தான்.

ஒரு நிறுவனத்திடம் அறிக்கை கேட்டேன், உடனே அனுப்பினார்கள். அதிலிருந்த பேட்ச் எண் என் டப்பாவில் இல்லை. தேதியும் ஒன்றரை வருடம் பழையது. போன தீபாவளிப் பலகாரத்தை ருசி பார்த்துவிட்டு இந்த தீபாவளிக்குச் சான்று தர முடியுமா? ஆகவே முதலில் பேட்ச் எண்ணைப் பாருங்கள். பிறகு ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் முத்திரை இருக்கிறதா, அந்த அங்கீகாரம் ஈயச் சோதனைக்கும் சேர்த்துத்தானா என்று பாருங்கள். என்.ஏ.பி.எல். இணையதளத்திலேயே தேடிப் பார்க்கலாம்.

சுத்தமான மாத்திரை எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்றும் இல்லை. மஞ்சள் மாத்திரைகளால் அரிதாகக் கல்லீரல் பாதிப்பு வரலாம் என்று ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-இல் எச்சரித்தது. அதை எந்த ஆய்வக அறிக்கையும் சொல்லாது. மருத்துவரைத்தான் கேட்க வேண்டும்.

டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற உணவு உரிம எண் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவுப்படி, வாங்கியவரே கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். சோதிப்பதற்காக வாங்குகிறேன் என்பதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். பொருள் தவறென்று அறிக்கை வந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும்.