முதுகில் ஏறிய மூட்டை

கிறிஸ்தவ வேதாகமத்தைச் சிறுவயதில் கேட்ட கதைகளோடு நிறுத்திக்கொள்பவர்களே நம்மில் அதிகம். ஆனால் அதிலுள்ள நிகழ்ச்சிகளை, மனத்துக்குள் நடக்கும் பயணத்தின் அடையாளங்களாகப் படிக்கும் வழக்கம் மிகப் பழையது. எம்மதத்தவரும் அப்படிப் படித்துப் பயனடையலாம்.

இஸ்ரவேலரின் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றுப் புறப்பட்டவர்கள் அவர்கள். ஓரேப் மலையிலிருந்து, வாக்களிக்கப்பட்ட நாட்டின் எல்லையான காதேஸ்பர்னேயாவுக்குப் பதினொரு நாள் பயணம்தான் என்கிறது உபாகமம். எல்லை வரை வந்தும், அந்நாட்டாரின் உருவத்துக்கு அஞ்சிப் பின்வாங்கியதால் 40 ஆண்டுகள் வனாந்தரத்தில் அலைந்தார்கள். வழியில் எதற்கு ஏங்கினார்கள் தெரியுமா? எகிப்தில் தின்ற மீனுக்கும், வெள்ளரிக்காய்க்கும், வெங்காயத்துக்கும், பூண்டுக்கும்! சவுக்கடி மறந்துவிட்டது, ருசி மறக்கவில்லை. (வெங்காயச் சந்தையின் பக்கத்திலேயே குடியிருக்கும் சான்பாடாவாசிகளுக்கு இந்த ஏக்கம் சற்று வேடிக்கையாகப் படலாம்.) எகிப்து என்பது நம் பழைய பழக்கம். கால் வெளியே வந்தாலும் மனம் அங்கேயே நிற்கிறது.

வானத்திலிருந்து கிடைத்த மன்னாவும் அப்படியே. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் தவிர, மறுநாளுக்கென்று எடுத்து வைத்தால் புழு பிடித்துவிடும். நேற்றுச் செய்த பிரார்த்தனை இன்றைக்குச் செல்லாது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம்.

இந்தப் பயண அடையாளத்தையே ஒரு முழுக் கதையாக விரித்தவர் ஜான் பனியன். மதப் பிரசங்கத்துக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிலிருந்த ஆங்கிலேயர். 1678இல் வெளிவந்த அவருடைய நூலைத் தழுவித் தமிழில் 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியம் செய்தவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. நெல்லைச் சீமையில் 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் கிறிஸ்தவரானவர். 1894இல் வந்த இந்நூலில் ஆதி பருவம் முதல் இரட்சணிய பருவம் வரை ஐந்து பருவங்கள் உள்ளன. கம்பனின் நடையில் ஊறியவராதலால் 'கிறிஸ்தவக் கம்பர்' என்று பெயர் பெற்றார். தாராவியில் வேரூன்றிய நெல்லைக் குடும்பங்களின் பிள்ளைகள், தங்கள் ஊர்க்காரர் ஒருவர் இப்படிச் செய்தார் என்பதையாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

பனியன் கதையின் நாயகன் முதுகில் ஒரு பெரிய மூட்டையுடன் புறப்படுகிறான். அது பாவச்சுமை. சேற்றில் விழுகிறான், இடுக்கமான வாசலில் நுழைகிறான். அப்போதும் மூட்டை இறங்கவில்லை. சிலுவையருகே வந்ததும் அது தானே அவிழ்ந்து உருண்டு போகிறது. அத்துடன் கதை முடியும் என்றுதானே நினைப்போம்? இல்லை. பெரும்பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. செங்குத்தான மலை, மாயச் சந்தை, சந்தேகக் கோட்டை எல்லாம் சுமை இறங்கியவனுக்கே காத்திருக்கின்றன. உள்ளத்தின் வளர்ச்சியை ஒரே நாள் அனுபவமாக எண்ணுபவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்.

சந்தேகக் கோட்டையில் அவனும் நண்பனும் நாள்கணக்கில் அடைபட்டுக் கிடக்கிறார்கள். பூட்டைத் திறக்கும் சாவி தன் மடியிலேயே இருப்பது அவனுக்குப் பிறகுதான் நினைவுக்கு வருகிறது. அந்தச் சாவியின் பெயர் வாக்குத்தத்தம்.

கடைசியில் ஒரு ஆறு, பாலமில்லாதது. அவரவர் நம்பிக்கைக்குத் தக்கபடி அதன் ஆழம் கூடும், குறையும். இத்தனையும் கடந்து வந்த நாயகன் அதில் மூழ்கத் தொடங்குகிறான். நண்பனுக்கோ கால் தரையில் பாவுகிறது. அவன்தான் நாயகனின் தலையை நீருக்கு மேலே தாங்கிப் பிடித்துக்கொண்டு கரையேறுகிறான்.