நகரம் முந்துகிறது, திட்டம் பிந்துகிறது

வீடு எங்கே, ஆலை எங்கே, கைவைக்கக் கூடாத ஏரி எது என்பதைக் கட்டடம் எழுமுன் முடிவு செய்வதே நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல். வளரும் நாடுகளில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாகிவிடுகிறது. சென்னைப் பெருநகரம் இதற்குத் தெளிவான சான்று.

முதல் சிக்கல் எல்லை. 2008-இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டம், 2026 வரையிலான காலத்துக்கு 1,189 சதுர கி.மீ. பரப்புக்கு வகுக்கப்பட்டது. ஆனால் கார், செல்போன் ஆலைகள் பெருகிய ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் அந்த எல்லைக்கு வெளியே இருந்தன. ஆலைகளைச் சுற்றிக் குடியிருப்புகள் முளைத்த பின், 2022-இல்தான் பெருநகரப் பரப்பு 5,904 சதுர கி.மீ. ஆக விரிவாக்கப்பட்டது.

இரண்டாவது, அங்கீகாரமற்ற மனைகள். பயிர் நின்றுபோன வயலில் கல் நட்டு, குறுகலான பாதை மட்டும் விட்டு மனைகள் விற்கப்பட்டன. முறையான அனுமதி பெறும் பெரிய மனைப்பிரிவு, பூங்கா போன்ற திறந்தவெளிக்கு 10 சதவீத நிலம் ஒதுக்க வேண்டும். அங்கீகாரமற்ற மனைகளில் அதுவும் இல்லை, மழைநீர் வடிகாலும் இல்லை. வயலுக்கு நீர் பாய்ந்த வாய்க்கால் ஒரு மனைக்குள் அடங்கிப்போனது. இத்தகைய மனைகளின் பத்திரப் பதிவுக்கு 2016-இல் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2017-இல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. கட்டணம் செலுத்தினால் மனை சட்டபூர்வமாகும். ஆனால் அடைபட்ட வாய்க்கால் திறக்காது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் குடியிருப்பு, அலுவலக வளாகம், குப்பைக் கிடங்கு என்று துண்டாடப்பட்டுச் சுருங்கியது. இந்த இழப்புகளின் விலையை 2015 வெள்ளத்தில் நகரம் கொடுத்தது.

மூன்றாவது, சிதறிய அதிகாரம். பட்டா வருவாய்த் துறையிடம், பத்திரம் பதிவுத் துறையிடம், ஏரி நீர்வளத் துறையிடம், திட்ட அனுமதி சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம் (சி.எம்.டி.ஏ.). நகரத் திட்டமிடலை உள்ளாட்சிகளுக்கு உரிய பணிகளுள் ஒன்றாக 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் (1992) பட்டியலிட்டது. ஆனால் முக்கிய முடிவுகள் இன்னும் மாநில அரசின் அமைப்புகளிடமே உள்ளன.

நான்காவது, பணம். வரைபடத்தில் சாலைக்கோடு போடுவது எளிது. ஆனால் அதற்கான நிலத்தைக் கையகப்படுத்த இழப்பீடு வேண்டும். குஜராத்தில் இதற்கு ஒரு வழி நடைமுறையில் உள்ளது. உரிமையாளர்களின் நிலங்களை ஒன்றுசேர்த்து, சாலைக்கும் பூங்காவுக்கும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, மீதியைச் சீரான மனைகளாகத் திருப்பித் தருகிறார்கள். பரப்பு குறைந்தாலும் மதிப்பு கூடுவதால் உரிமையாளருக்கும் லாபம்.

எந்த வழியானாலும், முதல் மனை விற்பனையாகுமுன் நீர்வழிகளும் சாலைகளும் சர்வே எண் வாரியாக வரையறுக்கப்பட வேண்டும்; அந்த வரையறை பத்திரம் பதியும் அலுவலகத்தையும் கட்டுப்படுத்த வேண்டும். அப்போதுதான் திட்டம் நகரத்துக்கு முன்னே செல்லும்.