அம்மாயி புடவையும் கொல்லிமலைத் தோட்டமும்: ஒட்டுத்துணிப் போர்வை தைப்பது எப்படி?

இன்னைக்கு எபிசோடில் கோடிங் கிடையாது. ஊசி, நூல், பழைய புடவை, அப்புறம் ஒரு தோட்டம். க்வில்ட்டிங் பத்திப் பேசப் போறோம்.

நான் பேசுறது கொல்லிமலை, செம்மேடு பக்கத்தில் இருந்து. எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவங்களுக்கு இங்கே ராத்திரிக் குளிர் தெரியும். போர்வை இல்லாம முடியாது. எங்க வீட்டு ட்ரங்க் பெட்டியில் அம்மாயி கட்டின பருத்திப் புடவைகள் இருக்கு. நைந்து போனதால் கட்ட முடியாது. தூக்கிப் போடவும் மனசு வராது. உங்க வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கும். ஆனா கத்தரி போட்டாச்சுன்னா 'அன்டூ' பட்டன் கிடையாது. அதனால் வெட்டும் முன்னாடி எதை எங்கே வைக்கிறதுன்னு தெரியணும். அதுக்குத்தான் தோட்டம்.

முதலில், க்வில்ட்னா என்ன? மூணு அடுக்கு. மேலே துண்டுகளை இணைச்ச துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு முழுத்துணி. மூன்றையும் சேர்த்து ஓட்டத் தையல் போடுவதுதான் க்வில்ட்டிங். நடு அடுக்கில் நிற்கும் காற்றுதான் உடம்புச் சூட்டை வெளியே விடாம வைக்குது. தையல் அடுக்குகளை நகராமல் பிடிச்சுக்குது. இலவம்பஞ்சை அப்படியே கொட்டித் தைக்காதீங்க, ஒரு மூலையில் போய் சேர்ந்துக்கும். பழைய பருத்திப் போர்வை ஒண்ணை நடுவில் வெச்சாலே போதும்.

இது வெளிநாட்டுச் சமாச்சாரம்னு நினைக்க வேண்டாம். வங்காளத்தில் காந்தா, மகாராஷ்டிரத்தில் கோதடி. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்திப் பெண்கள் தைப்பது கவந்தி. ஓரத்தில் ஆரம்பிச்சு, சுத்திச் சுத்தி நடுவுக்கு வருவாங்க. கடைசியில் நாலு மூலையிலும் மடிச்ச துணித்துண்டு ஒண்ணு வைப்பாங்க. அதை அவங்க அழைக்கும் பேருக்கு 'பூ'ன்னுதான் அர்த்தம். அது இல்லாமல் போர்வை முடிஞ்சதா கணக்கில்லை.

சரி, தோட்டத்தில் என்ன பார்க்கணும்?

முதல் விஷயம், அளவு. காப்பிச் செடியில் பழம் பழுத்திருக்கும்போது பாருங்க. பச்சை நிறைய, சிவப்பு கொஞ்சம். அதனால்தான் சிவப்பு கண்ணில் படுது. அரக்குப் புடவை ஒண்ணே ஒண்ணுதான் இருக்குன்னா கவலை வேண்டாம். அதைத் துளித்துளியா தூவுங்க.

ரெண்டாவது, வெளிச்சமும் இருட்டும். மிளகுக்கொடி ஏறின சில்வர் ஓக் மரத்தை ஃபோனில் கறுப்பு வெள்ளையா படம் எடுங்க. நிறம் போனாலும் கொடி தனியா, மரம் தனியா தெரியும். உங்க துணிகளையும் அதே மாதிரி படம் எடுங்க. எல்லாம் ஒரே சாம்பலா தெரிஞ்சா, தைச்ச பிறகு டிசைன் கலங்கிப் போகும்.

மூணாவது, எனக்கு ரொம்பப் பிடிச்சது. சில்வர் ஓக் இலை மேலே பச்சை, அடியில் வெள்ளி. காத்தடிச்சா மரமே நிறம் மாறும். அச்சுப் புடவைக்கும் அதே கதைதான். பின்பக்கம் வெளிறி இருக்கும். ஒரே புடவையில் ரெண்டு நிறம்! தைரியமா திருப்பிப் போட்டுத் தைங்க.

நாலாவது, பலவகை. இந்த மலைச்சரிவுகளில் சாமை, தினை, கேழ்வரகு எல்லாம் பக்கம் பக்கமா விளைஞ்சது. அப்புறம் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி பரவ, சிறுதானிய நிலம் சுருங்கிப் போச்சு. மரவள்ளி கையில் காசு தருது, விவசாயியைக் குறை சொல்ல முடியாது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் இருந்து இங்கே சிறுதானியங்களைக் காப்பாத்த வேலை செய்யுது. ஆனா கதிர் முத்தின தினைக்காட்டோட மஞ்சளைப் பார்க்க இப்போ தேடிப் போகணும். பார்த்து வரைய நிறமே இல்லாமப் போறதும் இழப்புதான்.

இப்போ செய்முறை. 1930களில் அமெரிக்காவில் பிரபலமான ஒரு டிசைன், 'பாட்டியின் பூந்தோட்டம்'. எல்லாமே அறுகோணம். நடுவில் ஒண்ணு, சுத்தி ஆறு, அதைச் சுத்தி பன்னிரண்டு. மொத்தம் 19 துண்டு, ஒரு பூ. ஒவ்வொரு சுத்துக்கும் ஆறு கூடும், லூப் எழுதுறவங்களுக்குப் புரியும். பூவுக்கும் பூவுக்கும் நடுவில் வெள்ளை அல்லது பச்சை வரிசை. அதுதான் தோட்டத்துப் பாதை.

புடவையை வெளிச்சத்தில் பிடிச்சுப் பாருங்க. நைந்த இடம் தெரியும், அதை விட்டுடுங்க. ஈர வெள்ளைத் துணியால் தேய்ச்சுப் பாருங்க, சாயம் ஒட்டினா அந்தப் புடவையை ஒதுக்கி வைங்க. பழைய கல்யாணப் பத்திரிகையில் பக்கத்துக்கு ஒரு அங்குல அறுகோணம் வெட்டுங்க. துணியைச் சுத்திக் கால் அங்குலம் கூடுதலா வெட்டி, அட்டை மேல மடிச்சு நூலோட்டுங்க. ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைங்க. ஒரு துண்டோட ஆறு பக்கமும் தைச்ச பிறகு அட்டையை உருவிடலாம்.

மீட்டிங் இல்லாத ராத்திரியில் நான் இதைத்தான் செய்யறேன். கை வேலை செய்யும், ஸ்கிரீன் அணைஞ்சிருக்கும். அம்மாயியோட ஊதாப் புடவை இப்போ மூணு பூவா இருக்கு.

இந்த வாரம் முழுப் போர்வை வேண்டாம். ஒரு பூ, 19 துண்டு. வெட்டுறதுக்கு முன்னாடி வீட்டில் பெரியவங்க யாராவது இருந்தா, அந்தப் புடவை எப்போ எடுத்ததுன்னு கேட்டு வைங்க.