ஸ்டூப்: குனியறதா, தரம் தாழறதா?

இன்னிக்கு நம்ம வார்த்தை ‘ஸ்டூப்’. நேரடி அர்த்தம், முதுகை வளைச்சுக் குனியறது. உயரமான ஒருத்தர் தாழ்வான வாசல்ல தலை இடிக்காம நுழையறார்ல, அதுதான். லேப்டாப் முன்னாடியே உட்கார்ந்து நமக்கு விழற கூனலும் ஸ்டூப்தான். மரியாதைக்குத் தலை வணங்கறது வேற, அது ‘பவ்’.

இன்னொரு அர்த்தம், தரம் தாழ்ந்து போறது. “பொய் சொல்ற அளவுக்கு இறங்க மாட்டேன்”னு சொல்லணும்னா, ‘ஐ வோன்ட் ஸ்டூப் டு லையிங்’. ‘டு’வுக்கு அப்புறம் பொதுவா ‘லை’ வராது, ‘லையிங்’தான்.

ஆலிவர் கோல்ட்ஸ்மித்தோட ‘ஷி ஸ்டூப்ஸ் டு கான்க்கர்’ நாடகம் 1773-ல மேடையேறுச்சு. அதுல வசதியான வீட்டுப் பெண், பணிப்பெண்ணா நடிச்சுக் காதலனை ஜெயிக்கிறா. தலைப்புலயே ‘ஸ்டூப்ஸ்’ வந்தது ஏன்? அவ மேல இருந்து இறங்கி வர்றா.

இந்த வார்த்தைக்குள்ள எப்பவும் ஒரு மேல், கீழ் இருக்கு. ஆபீஸ்ல “டெஸ்டிங் பண்ற அளவுக்கு ஸ்டூப் பண்ண மாட்டேன்”னு ஒருத்தர் சொன்னா, பக்கத்து சீட்ல இருக்கற டெஸ்டரையும் சேர்த்துக் கீழே தள்ளிடறார். பொய்க்கும் ஏமாத்து வேலைக்கும் இதைத் தாராளமா யூஸ் பண்ணுங்க. அடுத்தவங்க உழைப்புக்கு வேண்டாமே!